இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் பகுதியில் வசிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம். - ஆசிரியர் குழு)



தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பசிக்கிற நேரம் என்று தெரியும். அதனால் முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உட்கார்ந்தபடியே உங்கள் இடுப்பு மூட்டைத் தொட்டுக் காட்டுங்கள்.

பாருங்கள், பெண்கள் முக்கால்வாசிப் பேர் தண்ணீர்க் குடம் வைக்கிற இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அது இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. ஆண்கள் சிலர் பேண்ட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தட்டுப்படும் எலும்பைத் தொட்டிருக்கிறீர்கள். அது தொடை எலும்பின் வெளிப்புற முண்டு. இரண்டும் மூட்டு இல்லை. உண்மையான மூட்டு தொடை இடுக்கில், தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் அடியில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டை. இடுப்பெலும்பில் அதற்கேற்ற ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் சுழல்கிறது. முழங்கால் மூட்டை விரலால் தடவிப் பார்த்துவிடலாம், கணுக்காலையும் பார்த்துவிடலாம். இந்தப் பந்தின் நடுப்புள்ளியை மட்டும் யாராலும் தொட முடியாது.

தொட முடியாத புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சிக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த என் தம்பியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அவன் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

தம்பி குறைமாதத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதம். இரண்டரை வயதுக்குப் பிறகுதான் நடந்தான், அதுவும் குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில். ஆறு வயதில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் இரண்டு கால்களிலும் குதிகால் தசைநாரை நீளமாக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் பாதம் தட்டையாகத் தரையில் பதிந்தது. அம்மா அன்றைக்கு அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது, சந்தோஷ அழுகை. ஆனால் பதினோரு, பன்னிரண்டு வயதில் அவன் முழங்கால் மடங்கிக்கொண்டே வந்தது. நாற்காலியில் பாதி உட்கார்ந்தவன் போல நடக்க ஆரம்பித்தான். இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிக்கல் குதிகாலில் மட்டும் இருக்காது, மேலே தொடையிலும் இடுப்பிலும் இருக்கும். அதைக் கவனிக்காமல் குதிகாலை மட்டும் தளர்த்தினால், உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கெண்டைக்கால் பலமும் போய்விடும். இதை நான் படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்த மருத்துவர் கண்ணால் பார்த்தார், கையால் மடக்கிப் பார்த்தார், முடிவெடுத்தார். அளந்து பார்க்கும் வசதி அங்கே இல்லை. அந்த "அளந்து பார்ப்பது" என்ற சொல்தான் என்னை இந்தப் படிப்புக்கு இழுத்தது.

எங்கள் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். இங்கே பாதிப் பேருக்கு லாஸ்ட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அடிக்கடி சொல்வார்: "தோல் எவ்வளவு உசத்தியா இருந்தாலும், தையல் எவ்வளவு நேரா இருந்தாலும், லாஸ்ட் தப்புன்னா ஷூ கடிக்கும்மா." நடையை அளப்பதிலும் அதே கதைதான். கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், முதலில் வைக்கும் புள்ளி தப்பு என்றால் அறிக்கை கடிக்கும்.

நடை ஆய்வுக்கூடம் என்றால் என்ன? ஒரு நீளமான அறை. சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள். நோயாளியின் இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால், பாதம் ஆகிய இடங்களில் கோலிக்குண்டை விடச் சிறிய, ஒளியைத் திருப்பி அனுப்பும் மணிகளை ஒட்டுவோம். அவர் நடக்கும்போது ஒவ்வொரு மணியும் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நூறு முறை அளவில் கேமராக்கள் பதிவு செய்யும். தரையில் பதித்த தட்டு, பாதம் எவ்வளவு விசையோடு மிதிக்கிறது என்று சொல்லும். இதையெல்லாம் சேர்த்துக் கணினி ஒரு எலும்புக்கூட்டை நடக்க வைக்கும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, தொடை எத்தனை டிகிரி உள்ளே சாய்கிறது என்று வரைபடம் வரும். அதைப் பார்த்துத்தான் எந்தத் தசையைத் தளர்த்துவது, எந்த எலும்பைத் திருப்புவது, எதைத் தொடாமல் விடுவது என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஆனால் மணியை ஒட்டுவது தோலின் மேல். மூட்டு இருப்பது உள்ளே. கணினிக்கு மூட்டின் நடுப்புள்ளி வேண்டும். இடுப்புக்கு அதை எப்படித் தருவது?

முதல் வழி கணக்குச் சூத்திரம். இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரங்களிலும் தட்டுப்படும் எலும்பு முனைகளை எடுத்துக்கொள்வார்கள். அவற்றின் இடைவெளியை அளந்து, அதில் 14 சதவீதம் உள்ளே, 30 சதவீதம் கீழே என்று பழைய சூத்திரம் ஒன்று உண்டு. இடைவெளி 24 சென்டிமீட்டர் என்றால் சுமார் 3.4 சென்டிமீட்டர் உள்ளே, 7.2 சென்டிமீட்டர் கீழே. எவ்வளவு பின்னால் என்பதற்கும் ஒரு சதவீதம் உண்டு. பிறகு 2007-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஹாரிங்டன் என்ற ஆய்வாளரின் குழு, எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து இன்னும் நல்ல சூத்திரம் ஒன்றைத் தந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 8 பெரியவர்கள், 14 நலமான குழந்தைகள், மூளை முடக்குவாதம் உள்ள 10 குழந்தைகள். மொத்தம் 32 பேர். நல்ல வேலைதான், இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்த 32 பேரின் இடுப்பிலிருந்து வந்த சராசரியைத்தான் நாட்றம்பள்ளியிலிருந்து போகும் ஒரு குழந்தையின் இடுப்பிலும் பொருத்துகிறோம். உடைக்கடையில் "மீடியம் சைஸ்" எடுப்பது போல. பலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. எலும்பே கோணலாக வளர்ந்த குழந்தைக்குப் பொருந்தாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வழி, காலைச் சுழற்றச் சொல்வது. ஒரு நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் கல்லைக் கட்டிச் சுற்றினால், கல் போகும் பாதையைப் பார்த்தே கை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே போல, முழங்காலுக்கு மேல் ஒட்டிய மணிகள் போகும் பாதையிலிருந்து இடுப்பு மூட்டின் நடுப்புள்ளியைக் கணக்கிடலாம். ஆரோக்கியமானவர்களிடம் இது நன்றாக வேலை செய்யும். என் தம்பியைப் போன்றவர்களால் காலை அவ்வளவு அகலமாகச் சுழற்ற முடியாது. யாருக்கு அளவு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் இந்த வழி தடுமாறுகிறது.

புள்ளி கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகிவிடும்? இதோ, இந்த 40 சென்டிமீட்டர் குச்சியைத் தொடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முனையை முழங்காலில் பிடித்துக்கொண்டு மேல்முனையை 2 சென்டிமீட்டர் வெளியே நகர்த்துகிறேன். குச்சி சுமார் 3 டிகிரி சாய்ந்துவிட்டது. குழந்தையின் தொடை 25 சென்டிமீட்டர்தான் என்றால் அதே 2 சென்டிமீட்டர் 4.5 டிகிரி ஆகிவிடும். குழந்தை அசையவே இல்லை. ஆனால் தொடை உள்பக்கம் சாய்கிறது என்று அறிக்கை சொல்லும். மூட்டைச் சுற்றித் தசை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்ற கணக்கு இன்னும் மோசம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டார்கள். நடுப்புள்ளியை 30 மில்லிமீட்டர் முன்னே தள்ளி வைத்தால், காலை முன்னும் பின்னும் மடக்கும் திருப்புவிசையின் கணக்கில் சுமார் 22 சதவீதம் பிழை வந்தது.

இது எனக்கே நடந்தது. நான் பயிற்சியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். திங்கட்கிழமை நான் மணிகளை ஒட்டினேன். ஒரு பதிவு சரியாக வராததால் வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னோம். அன்றைக்கு என் சீனியர் அக்கா ஒட்டினார். இரண்டு அறிக்கைகளிலும் தொடை சாயும் கோணம் ஐந்து டிகிரி அளவுக்கு மாறியிருந்தது. அதே குழந்தை, அதே கேமரா, அதே நடை. மருத்துவர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எந்தத் தாளை நம்பி நான் கத்தியை எடுக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தம்பியின் முகம்தான் கண்முன் வந்தது.

அவர் அந்தச் சிறுமியைப் படுக்க வைத்து, தொடை இடுக்கில் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். திரையில் பந்தின் வளைவு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதன் நடுவுக்கு நேராகத் தோலில் பேனாவால் புள்ளி வைத்தார். என் மணியை வைத்துக் கணக்கிட்ட இடம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வெளியே இருந்தது. எலும்பு முனை என்று நினைத்து, அதன் ஓரத்துச் சதையில் நான் ஒட்டியிருக்கிறேன். தசையைத் தளர்த்தும் சிகிச்சை வேண்டுமா என்ற முடிவை அவர் ஆறு மாதம் தள்ளிவைத்து, பயிற்சியைத் தொடரச் சொன்னார்.

இனி, ஸ்கேன் எப்படி இதைக் காட்டுகிறது என்று சொல்கிறேன். நம் காதுக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும் ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறது. உடம்பின் சதையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். எலும்பில் பட்டதும் பெரும்பகுதி எதிரொலியாகத் திரும்பிவிடும். 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் எலும்பு இருந்தால், போய்வர 15.4 சென்டிமீட்டர், அதாவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தை வைத்துத்தான் ஆழத்தைக் கருவி கணக்கிடுகிறது. எலும்புக்குப் பின்னால் ஒலி போகாது, அங்கே கறுப்பு நிழல்தான் தெரியும். ஆனால் நமக்கு எலும்பின் மேற்பரப்பு போதும். பந்தின் முன்பக்க வளைவு கிடைத்துவிட்டால், வட்டத்தின் ஒரு துண்டிலிருந்து நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான் மீதி.

அந்த மருத்துவர் பேனாவால் செய்ததை முறையான அளவீடாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரிச்சர்ட் பேக்கர் உள்ளிட்ட குழு ஒன்று ஸ்கேன் கருவியின் கைப்பிடியிலேயே அந்த மணிகளை ஒட்டியது. கருவி எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கேமராக்களுக்குத் தெரியும். திரையில் பந்து எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஸ்கேனுக்குத் தெரியும். இரண்டையும் இணைத்தால் மூட்டின் நடுப்புள்ளி அறையில் எங்கே இருக்கிறது என்று நேரடியாக வந்துவிடுகிறது. சூத்திரம் வேண்டாம், காலைச் சுழற்ற வேண்டாம். 2010-ல் அவர்கள் இதை எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டபோது வேறுபாடு சராசரியாகச் சுமார் 4 மில்லிமீட்டர். 2012-ல் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடமும் இதே முறையை வைத்து மற்ற வழிகளைச் சோதித்தார்கள். கதிர்வீச்சு இல்லை, குழந்தையை மயக்க மருந்து கொடுத்துக் குழாய்க்குள் படுக்க வைக்க வேண்டியதில்லை.

எல்லாக் குறையும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பருமனானவர்களிடம் படம் மங்கும். கருவியைப் பிடிக்கும் கைக்குப் பழக்கம் வேண்டும். கருவியும் கேமராவும் ஒத்துப்போகின்றனவா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். நடக்கும்போது எலும்பின் மேல் தோல் வழுக்குவதால் மணிகள் நகரும், அந்தப் பிழையை ஸ்கேன் தீர்க்காது. தொடங்கும் புள்ளியை மட்டும் அது சரியாகத் தருகிறது. அப்பா சொன்ன லாஸ்ட் மாதிரி.

நம் பக்கத்துக்கு இந்த வேலை அந்நியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1946-ல் வேலூர் வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண் ஏன் வருகிறது என்று தேடினார். உணர்வில்லாத பாதத்தில், நடக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று காட்டினார். கரிகிரி மருத்துவமனையிலிருந்து மென்மையான ரப்பர் வைத்த செருப்புகள் அதற்குப் பிறகுதான் பரவின. 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். புண்ணைப் பார்த்ததும் கட்டுப் போடாமல், நடையைப் பார்த்துக் காரணம் தேடும் பழக்கம் நமக்கு ரயிலில் சில மணி நேரத் தொலைவில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

கடைசியாக, நம் தெருவுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: பதினெட்டு மாதம் ஆகியும் குழந்தை தனியாக நடக்கவில்லை என்றாலோ, நடக்கத் தொடங்கிய பிறகும் எப்போதும் முன்னங்காலிலேயே நடந்தாலோ, "தாத்தாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்று காத்திருக்காதீர்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. அவர்களிடம் காட்டுங்கள்.

இரண்டு: நடப்பதற்காக அறுவை சிகிச்சை என்று சொன்னால், நடை ஆய்வு செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா ஊரிலும் இருக்காது, பெரிய மறுவாழ்வு மையங்கள் சிலவற்றில்தான் இருக்கும். அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்குச் சில வாரம் காத்திருப்பதில் தவறில்லை.

மூன்று: ஆய்வு செய்தால், "இடுப்பு மூட்டின் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை பார்ப்பீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் அதற்குக் கோபப்பட மாட்டோம். கோபப்பட்டால் அது எங்கள் தவறு.

தம்பி இன்று வரவில்லை, கடையில் இருக்கிறான். கம்பு ஊன்றி நடக்கிறான், கணக்கு வழக்கில் என்னை விடக் கெட்டிக்காரன். வரும்போது கேட்டேன், "உன் கதையைச் சொல்லட்டுமா?" என்று. "சொல்லுக்கா. எனக்குப் போட்டது போச்சு. அடுத்த பிள்ளைக்காவது அளந்துட்டுப் போடட்டும்" என்றான். நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

எனக்கு முழங்கால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் வைத்தார்கள். படம் எதுவும் காட்டவில்லையே?

அது வேறு கருவி, ஐயா. இயன்முறை சிகிச்சையில் வைப்பது ஒலி அலையால் உள்ளே இதமான சூடு தருவதற்கு. அது படம் எடுக்காது. நான் பேசியது கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ஸ்கேன் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது.

கைக்குழந்தைக்கு இடுப்பில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம், அம்மா. பிறந்த சில மாதங்கள் வரை அந்தப் பந்து குருத்தெலும்பாக இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில் தெரியும். பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையை ஆஸ்திரிய மருத்துவர் ராய்ன்ஹார்ட் கிராஃப் 1980 வாக்கில் கொண்டுவந்தார். குழந்தை வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இடுப்பு விலகியிருந்தாலோ அவசியம் பாருங்கள்.

சங்க நிதியில் ஒரு ஸ்கேன் கருவி வாங்கி முகாம் நடத்தலாமா?

நல்ல எண்ணம், ஆனால் கூடாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் கருவி இருக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாதவர்களுக்கு விற்பதே குற்றம். மூட்டைப் பார்க்க என்றாலும் விலக்கு இல்லை. நம் நாட்டில் பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, இருக்கட்டும். அந்தப் பணத்தை வேலூருக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குப் போகும் குழந்தையின் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள். பாதிக் குடும்பங்கள் இரண்டாவது முறை போகாமல் நிற்பது பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் கணக்குப் பார்த்துத்தான்.

(இந்தக் கடைசி யோசனை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.)